கதவு சீன்

இல்லண்ணா, எந்திரிக்காதீங்க, அப்படியே உக்காருங்க. ஹெட்போன மட்டும் கழட்டி வெச்சிடுங்க, காது வெந்து போயிருக்கும். சவுண்ட் இன்ஜினியர் சாப்பிடப் போயிருக்கார், வர கொஞ்சம் நேரமாகும். சாப்பிட உக்காந்தா லேசுல எந்திரிக்கிற ஆளு இல்ல அவரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு மைக்ல உங்களை விரட்டிக்கிட்டே இருக்கறது எனக்கே என்னவோ மாதிரி இருக்கு, அதான் உள்ள வந்துட்டேன். தண்ணி குடிங்க. இங்க ஏசி போட்டா அந்த சத்தம் டப்பிங்ல விழுது, நிறுத்தினா மனுஷன் வெந்து சாகணும். சுவர் பூரா ஸ்பாஞ்ச் வேற. நான் எழுதுற வசனத்துக்கு இந்த தண்டனை போதும்.

அட, நீங்க எதுக்குண்ணா மன்னிப்பு கேக்குறீங்க? பெரிய பெரிய நடிகருங்க எல்லாம் இதே ஸ்டூல்ல உக்காந்து ஒரு வசனத்துக்கு அரை நாள் உயிரை வாங்கியிருக்காங்க. நீங்க லிஃப்ட் மெக்கானிக். உங்களுக்கு இது தொழிலா என்ன? வந்த அன்னிக்கே இந்த பில்டிங் லிஃப்ட்ட தட்டிக் கொட்டி ஓட வெச்சீங்களே, மாசக்கணக்கா எங்களை மூணு மாடி ஏற வெச்ச சனியன் அது. என்னை ஒரு ஸ்க்ரூ மாட்டச் சொல்லுங்க பாப்போம். கையக் கிழிச்சிக்கிட்டு நிப்பேன்.

கதையா? முழுக்கதையா? நல்லா இருக்கு போங்க! நாலு நாளா ஹீரோவுக்குக் குரல் குடுக்குறீங்க, கதை என்னன்னு ஒருத்தர் கூட உங்களுக்குச் சொல்லல. ஹீரோவா நடிச்ச உங்க பையனாவது வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதா? ... ஓ. அப்படியா. சாப்பிட்டியான்னா ம். தூங்கலையான்னா ம். ம்னு ஒரே எழுத்துல குடும்பம் நடத்துற வயசுண்ணா அது, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வந்தா அவன் வாய் மூடாது, தெரியுமா? லைட் பாய்லேந்து புரொடியூசர் வரைக்கும் எல்லாரையும் கலாய்ப்பான். என்னைப் பாத்து, அக்கா, நீங்க எழுதின வசனத்தை நீங்களே ஒருவாட்டி பேசிப் பாருங்க, பல்லு சுளுக்கிக்கும்பான். உண்மைதான். ராஸ்கல் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்.

சரி, கதை. இது பழைய மேடை நாடகம்ணா. அந்தக் காலத்துல ஊர்ல ஒரு ஹால் விடாம போட்டாங்க. சனங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பாங்களாம். ஒரு பையன், ஒரு பொண்ணு. பொண்ணு இவனை ஒரு பொருட்டாவே மதிக்க மாட்டா. நான் செத்தா இவ அழுவாளான்னு பாக்கணும்னு அவனுக்கு ஒரு கிறுக்கு புடிச்சிக்கும். வெளியூர் போறேன்னு கிளம்பிப் போயி, தான் செத்துட்டதா தானே வீட்டுக்கு ஒரு தந்தி அடிச்சிடுவான். அப்புறம் ஜம்முனு திரும்பி வருவான். அவங்கப்பா இது பேய்தான்னு சொல்லிக் கதவைத் திறக்க மாட்டாரு. அவரு உள்ள, இவன் வெளிய. கால் மணி நேரம் அந்த ஒரு கதவ வெச்சுக்கிட்டே...

இருங்க. நீங்க கேட்டீங்களேன்னு சொல்றேன். வேணாம்னா விட்டுடறேண்ணா. ... நிஜமாவா? சரி.

இதைப் பள்ளிக்கூடப் பசங்க லவ் ஸ்டோரியா மாத்திக் குடும்மான்னு என் தலையில கட்டினாங்க. நானும் பல்லை இளிச்சிக்கிட்டு ஒத்துக்கிட்டேன். எழுத உக்காந்தப்பதான் தெரியுது, தந்திக்கு நான் எங்க போறது? இப்ப ஒருத்தன் செத்துட்டான்னு யாராவது சொன்னா உடனே ஒரு போனைப் போட்டுக் கேட்டுடலாமே. பழைய நாடகத்துல இருக்கற சிக்கல் எல்லாம் போன் இல்லாததால வந்த சிக்கல். மண்டை காஞ்சு போச்சு எனக்கு. கடைசியில ஸ்கூல் டூர் போற இடத்துல அவன் போனை ஏரியில விழ வெச்சேன். பஸ்ஸும் இவனை விட்டுட்டுப் போயிடும். எவனோ ஒரு தறுதலை இவன் போட்டோவைக் கருப்பு வெள்ளையாக்கி, மிஸ் யூ மச்சான்னு ஸ்டேட்டஸ் போடுவான். ஒருத்தன் போட்டா போதாதா, இவனை யாருன்னே தெரியாதவன்லாம் போடுவான். அந்தப் பொண்ணும் போடும். பையன் நடந்தும் லாரி புடிச்சும் வீட்டு வாசலுக்கு வந்து நிக்கறதுக்குள்ள ஊரே அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிருக்கும்.

நல்லா இருக்கா? நீங்க சிரிச்சீங்கண்ணா இப்ப. லேசா. நான் பாத்தேன்.

புரொடியூசர் சிரிக்கல. நாடகக் கடைசியில வர்ற கல்யாணத்த வெட்டு, இது சின்னப் பசங்க படம்னார். வெட்டினேன். அப்பா கேரக்டரை ஜிம்முக்கு அனுப்புன்னார். அனுப்பினேன். கதவு சீனத் தூக்கு, இந்தக் காலத்துல எவன் பேயை நம்புறான்னார். அங்கதான் நான் ஒத்தக்கால்ல நின்னேன். நாடகத்துக்கு உயிரே அந்தக் கதவுதான் சார், அதைத் தூக்கினா எனக்கு இந்தப் படமே வேணாம்னேன். ஜெயிச்சேன். நான் எழுதினதுல ஒரு வார்த்தை கூட வெட்டுப்படாம வந்த ஒரே சீன் இதுதான். அன்னிக்கே வாய மூடிட்டுத் தோத்துத் தொலைஞ்சிருக்கலாம்.

எடுத்தது ரயில் லைன் பக்கத்துல ஒரு வீட்டுல. ஜெனரேட்டர் சத்தம், ரயில் சத்தம், நடுவுல டைரக்டர் கத்துறது. அதான் அங்க பேசினத அப்படியே படத்துல வைக்க முடியாது. இங்க உக்காந்து, பழைய சத்தத்த ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே, உதட்டுக்குப் பொருத்தமா திரும்பப் பேசணும். எல்லாப் படத்துக்கும் இதே கதைதான். அவன் வந்திருந்தா ரெண்டு நாள் வேலை. தேதி கூட குடுத்திருந்தேன்.

அந்த தேதிய நான் மறக்கவே மாட்டேண்ணா. காலையிலேந்து இங்க உக்காந்திருக்கேன், ஆளக் காணோம். போன் அடிச்சா எடுக்கல. இன்ஜினியர் கடுப்புல இருக்கார். மத்தியானம் அவன் நம்பர்லேந்து போன் வருது. ஹலோன்னு அவன் குரல். எனக்கு வந்ததே கோவம். டேய் எருமை, எங்கடா செத்துத் தொலைஞ்சேன்னு கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, அம்மா, நான் அவங்கப்பா பேசறேன், ராத்திரி பைக்ல போனவன் போயிட்டாம்மான்னு நீங்க சொன்னீங்க பாருங்க.

இல்லண்ணா. நீங்க பரவாயில்லன்னு சொல்லலாம். நான் எப்படி அதைப் பரவாயில்லன்னு விட முடியும்? என் நாக்கைப் புடுங்கிக் குப்பையில போடலாம் போல இருந்துச்சு. இன்னும் இருக்கு.

அதனாலதான் நீங்க டைரக்டர் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, என் பிள்ளை வாயத் திறந்தா வேற எவன் குரலோ வரக்கூடாது, நான் பேசறேன்னு கேட்டப்ப, எல்லாருக்கும் முன்னாடி நான் சரின்னேன். அவங்க எல்லாம் யோசிச்சாங்க. நான் யோசிக்கவே இல்ல. அந்தக் குரல்ல ஏமாந்தவளே நான்தானே.

சரி, வேலைக்கு வருவோம். இப்ப நிக்கறது இந்த ஒரு வசனம்தான். அப்பா, நான்தாம்பா, கதவத் தொறங்க. இவ்வளவுதான். அழுகை கிடையாது, மூச்சு வாங்கறது கிடையாது. குளிர்ல நடுங்கிக்கிட்டு, கொஞ்சம் கடுப்பா, கொஞ்சம் சிரிப்பா கேக்குறான். முதல்ல நீங்க இருமினீங்க. சரி, தொண்டை. அப்புறம் அப்பாங்கற இடத்துல அவன் உதடு ஒட்டுது, உங்க சத்தம் தள்ளி விழுது. அதையும் இழுத்து ஒட்டிக்கலாம். ஆனா இன்னிக்கு காலையிலேந்து நடக்கறது வேறண்ணா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் நான் ஊர்க்கதை பேசிட்டிருக்கேன்.

நீங்க திருப்பிச் சொல்லலண்ணா. பதில் சொல்றீங்க.

தெரியலயா உங்களுக்கு? ... நிஜமாவே தெரியலயா? அவன் கதவத் தொறங்கன்னதும், நீங்க கண்ண மூடிக்கிட்டு, பதறாத, பதறாத, இதோ தொறந்துடறேன், கதவுலேந்து தள்ளி நில்லு, காத்தெல்லாம் நல்லா வரும், நான் வெளிய இங்கயேதான் இருக்கேன்னு சொல்றீங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட சொல்லுவீங்கள்ல, அது. அப்படியே அந்தக் குரல்ல. ஒருவாட்டின்னா நான் கேக்காத மாதிரி இருந்திருப்பேன். போடும்போதெல்லாம் சொல்றீங்க. இன்ஜினியர் சாப்பிடப் போகலண்ணா. டிபன் டப்பா அங்கயேதான் இருக்கு, பாருங்க. படிக்கட்டுல போய் உக்காந்துக்கிட்டு மூஞ்சத் தொடச்சிட்டிருக்கார். அவருக்கும் காலேஜ் போற பையன் இருக்கான்.

ஐயோ, மறுபடியும் மன்னிப்பா? விடுங்கண்ணா.

நான் ஒண்ணு பண்றேன். அவன் பேசினது மொத்தத்தையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தந்துடறேன். ரயில் சத்தத்தோடதான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். யார்கிட்டயும் கேக்கப் போறதில்ல, வேலை போனா போகுது. வீட்டுல வெச்சுக் கேளுங்க, உங்களுக்குத் தோணும்போதெல்லாம்... வேணாமா? ஏண்ணா?

ஓ.

அண்ணிய நான் யோசிக்கவே இல்ல. ஆமா, வீட்டுக்குள்ள இந்தக் குரல் கேட்டா எந்திரிச்சு வாசலுக்கு ஓடிடுவாங்க. ... இப்பவே ஓடறாங்களா? யார் வந்து பெல் அடிச்சாலுமா? கடவுளே. அப்ப வீட்டுல நீங்க பேசினா? அடுத்த ரூம்லேந்து நீங்க ஏதாவது சொன்னா அவங்களுக்கு... ... புரியலண்ணா, பேசறதே இல்லன்னா? ஒரு வார்த்தை கூடவா? கை ஜாடையா? அன்னிலேந்தா? அவங்க உங்களைப் பேசாதீங்கன்னு சொன்னாங்களா? ... சொல்லல. நீங்களே நிறுத்திட்டீங்க. ஒருநாள் உங்க குரல் கேட்டு சமையல்கட்டுலேந்து அண்ணி ஓடி வந்து, உங்களைப் பாத்துட்டு அப்படியே நின்னதுக்கு அப்புறம்.

அப்ப நீங்க வாயத் திறந்து பேசற ஒரே இடம் இந்த ஸ்பாஞ்ச் ரூம்தானா?

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. வசனம் எழுதிப் பொழைக்கிறவ, ஒண்ணும் வரல பாருங்க. நேத்தும் வரல, முந்தாநாளும் வரல. நீங்க டீ குடிச்சிட்டு, நேத்து பேசினது நல்லா வந்திருக்காம்மான்னு கேப்பீங்க, நான் சூப்பரா வந்திருக்குண்ணான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்குவேன்.

சரி, சொல்லிடறேன். படத்துல உங்க குரல் வராதுண்ணா. முதல் நாள் நீங்க பேசினதைக் கேட்டுட்டு அன்னிக்கு சாயங்காலமே வேணாம்னுட்டாங்க. குரல் ஒண்ணுதான், ஆனா வயசு தெரியுது, துக்கம் தெரியுது, காமெடிக்கு ஒத்து வராதுன்னாங்க. வேற ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து அடுத்த தெரு ஸ்டுடியோல முழுசையும் பேசி முடிச்சாச்சு. மிக்சிங்கும் ஆரம்பிச்சாச்சு. அன்னிக்கு நீங்க பேசும்போது ஒருத்தன் செல்போன்ல வீடியோ எடுத்தான் பாருங்க, அது மட்டும் விளம்பரத்துக்கு வரும்னு நினைக்கிறேன். உங்ககிட்ட பக்குவமா சொல்லச் சொல்லி என்கிட்டதான் விட்டாங்க. மறுநாள் காலையில சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க எனக்கு முன்னாடி வந்து ஹெட்போன மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தீங்க. இன்ஜினியர் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன், அவர் சத்தத்தைப் போட்டுட்டார். அன்னிலேந்து ரெக்கார்ட் பட்டனை நாங்க தொடவே இல்லண்ணா. நீங்க பேசறது எங்க ரெண்டு பேர் காதுக்கு வருது, அவ்வளவுதான். எங்கயும் பதியல.

நாளைக்கு இந்த ரூம் வேற படத்துக்குப் போயிடும். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நம்மளுது. உதட்டையெல்லாம் பாக்காதீங்க இனிமே. ஹெட்போன மாட்டிக்கோங்கண்ணா, அவன் கூப்பிட்டா நீங்க என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் போய்ப் போட்டுவிடறேன்.