பக்கத்தில் உட்கார ஒருவர்

கூட்டக் குறிப்பு எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு, மேடம். பத்துப் பேர் மூன்று மணி நேரம் மாறி மாறிப் பேசியதை ஒன்றரைப் பக்கத்தில் அடக்கிவிடுவேன், யார் மனமும் நோகாது. தாங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினோம் என்பதே சில பேராசிரியர்களுக்கு என் குறிப்பைப் படித்த பிறகுதான் தெரியும். இருபத்திரண்டு வருட உதவிப் பதிவாளர் வேலையில் நான் எழுதியதை ஒருவரும் மறுத்ததில்லை. இந்த விசாரணையில் அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான் நடந்தது.

எல்.எம்.எஸ். தேர்வுக் குழுவுக்கு என்னைச் செயலராகப் போட்டதும் அதனால்தான். பாடம் ஏற்ற, வருகை போட, விடைத்தாள் வாங்க, மதிப்பெண் பதிய, எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் வாங்குவதாக முடிவு. கடைசிச் சுற்றுக்கு மூன்று வந்தன. கம்பெனிப் பெயர் சொன்னால் ஆளுக்கு ஆள் கட்சி கட்டுவார்கள் என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண் கொடுத்தேன்.

மதிப்பீட்டுத் தாளில் இரண்டு பகுதி. 'கட்டாயம்' பகுதியில் இருக்கும் ஒரு வசதி இல்லை என்றாலும் அந்த மென்பொருள் வெளியே. 'விரும்பத்தக்கது' பகுதியில் இல்லை என்றால் இரண்டு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதைக் கட்டாயத்தில் சேர்க்கச் சொன்னது நூலகர் அம்மாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அதைச் சோதித்துப் பார்க்க எங்களிடம் ஒருவன்தான் இருந்தான். வரலாற்றுத் துறை விரிவுரையாளன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன், என் மனைவியின் தம்பி. "சொந்த மச்சினன்னா கவனிச்சுத்தானே ஆகணும்" என்று குழுத் தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள்.

அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பதினோரு வருடம், சனிக்கிழமைதோறும் மதியம் அவன் வீட்டுக்குப் போவேன். மாணவர்களின் கட்டுரைகளை நான் படிப்பேன், அவன் மதிப்பெண் சொல்வான், நான் எழுதுவேன். அவனுக்கு வரும் கடிதங்களையும் நான்தான் படிப்பேன். அதில் கசப்பாக ஏதாவது இருந்தால் அந்த வரியை விட்டுவிடுவேன். ஒருமுறை பதவி உயர்வு மறுத்து வந்த கடிதத்தை, முடிவு தள்ளிப்போயிருக்கிறது என்று படித்தேன். ஒரு வருடம் கழித்துத் துறைத் தலைவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டான். "மாமா எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை" என்று அக்காவிடம் எனக்காகப் பரிந்து பேசினானாம்.

"நீங்க இல்லன்னா என் தம்பி பாடு என்னாகும்" என்பாள் என் மனைவி. வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை அநேகமாக அது ஒன்றுதான்.

சோதனை நாளன்று லீவு போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அது பேசுகிற வேகத்துக்கு, பேசுகிறதா தும்முகிறதா என்றே எனக்குப் புரியாது. இரண்டாம் எண்ணில் பன்னிரண்டு வேலைகளையும் இருபது நிமிடத்தில் முடித்தான். பாடம் ஏற்றினான், மதிப்பெண் பதிந்தான், தப்பாகப் போட்ட ஒன்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினான். பக்கத்து நாற்காலியில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, கேட்டீங்களா, ஒவ்வொரு பையன் பேரையும் சொல்லிட்டுத்தான் மார்க் கேக்குது" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "இது மட்டும் வந்துடுச்சுன்னா உங்க சனிக்கிழமை உங்களுக்கே. அக்காவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்க."

நல்லதுதான் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் எண்ணில் அவன் திணறிப்போனான். பார்க்க அழகான மென்பொருள், கண்ணுக்கு இதமான நிறம், குழுவில் பாதிப் பேருக்கு அதன் மேல்தான் ஆசை. ஆனால் அதன் பொத்தான்கள் எல்லாம் வெறும் படங்கள். அவன் காதில் அது "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொன்னது. எது சேமிப்பது, எது அழிப்பது என்று தெரியவில்லை. மதிப்பெண் பட்டியலில் யார் பெயரையும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று பக்க அறிக்கை அனுப்பினான். கடைசி வரி: 'இதை வாங்கினால் நான் மதிப்பெண் பதியும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டியிருக்கும்.'

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

இறுதிக் கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, தாளில் அந்த வசதியைக் கட்டாயத்திலிருந்து விரும்பத்தக்கதுக்கு மாற்றினேன். ஒரு வரியை வெட்டிப் பத்து வரி கீழே ஒட்டுகிற வேலை. பிறகு முந்தைய கூட்டத்தின் குறிப்பைத் திறந்து, 'போட்டி குறையாமல் இருக்க இவ்வம்சத்தை மாற்றலாம் என உறுப்பினர்கள் கருதினர்' என்று சேர்த்தேன். அப்படி ஒருவரும் கருதவில்லை.

கூட்டத்தில் நூலகர் அம்மாள் மட்டும் கவனித்தார். "இது கட்டாயத்துல இல்ல இருந்துச்சு?"

"போன கூட்டத்துல பேசினோமேம்மா. குறிப்புல இருக்கு பாருங்க."

பார்த்தார். இருந்தது. "ஐயோ, எனக்கு மறதி அதிகமாயிட்டே போகுது" என்று கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷி. முதல் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தார் என்று நேற்று நீங்கள் காட்டியபோதுதான் எனக்குத் தெரியும். அவருக்கு மறதி எதுவும் இல்லை என்று தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அதை நினைத்தால் எனக்கு அவமானமாக இருக்கிறது.

மூன்றாம் எண் வந்தது. "என் ரிப்போர்ட் என்னாச்சு மாமா?" என்று மச்சினன் கேட்டான். குழு பார்த்தது, பெரும்பான்மை முடிவு என்றேன். உறவுக்காரனுக்காக வளைந்து கொடுத்தேன் என்று பேர் வரக் கூடாதே, அதனால்தான் ஒதுங்கி நின்றேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பழகிக்கொள்கிறேன் என்றான். சொன்னபடியே பழகினான். ஒவ்வொரு பொத்தானும் எத்தனையாவது என்று எண்ணி மனப்பாடம் செய்தான். அந்தப் பருவ முடிவில் அறுபத்திரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணைத் தன்னந்தனியாகப் பதிந்தான். நடுவில் ஒருவன் படிப்பை விட்டுப் போயிருந்தான். அவனுடைய வரி மட்டும் பட்டியலில் நீக்கப்படாமல் அப்படியே இருந்தது, அதை மென்பொருள் சொல்லவில்லை. அந்த வரியிலிருந்து நாற்பத்தொரு பேருக்கு மதிப்பெண் ஆள் மாறி விழுந்தது. ஒருவன் உழைத்தது இன்னொருவனுக்கு.

உங்களிடம் இருக்கும் தாளில் இல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பதிந்த மதிப்பெண் வெளியாக இரண்டு நாள் ஆகும். அதுவரை மென்பொருளின் நிர்வாகி என்ற முறையில் நான் பார்க்கலாம். முதல் நாள் காலையிலேயே பார்த்தேன். படிப்பை விட்டுப் போனவனுக்கு எழுபத்தெட்டு. ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்தியிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம்.

போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க மாமா என்று அவன் கூப்பிடுவான், சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு நாளும் அவன் கூப்பிடவில்லை.

மதிப்பெண் வெளியானதும் மாணவர்கள் கொதித்தார்கள். ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை கைநழுவியது. மென்பொருளில் கோளாறா என்று பதிவாளர் எழுத்தில் கேட்டார். 'கோளாறு இல்லை, பதிவு ஆசிரியருடையது' என்று நான் எழுத்தில் பதில் தந்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவனிடமிருந்து வகுப்பைப் பிடுங்கி, மாடியில் ஒரு மூலை அறையில் உட்கார வைத்தார்கள். வகுப்புதான் அவனுக்கு எல்லாம், மேடம். அறுபத்திரண்டு குரல்களையும் பெயரோடு தெரிந்து வைத்திருப்பான்.

அந்த வாரம் அவனே போன் செய்தான். "மாமா, சனிக்கிழமை வர முடியுமா? எனக்கு இனி என் மேலயே நம்பிக்கை இல்ல."

போனேன். பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். 'நீங்க இல்லன்னா' என்ற அந்த வார்த்தையை என் மனைவி அன்று மறுபடியும் சொன்னாள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறைக்கவில்லை. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆக, தாளை மாற்றியது நான். குறிப்பில் பொய் எழுதியது நான். தெரிந்தே இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறேன். அவனுக்கு வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று அவனுக்கும் போகும் என்றீர்கள். உங்கள் எழுத்தர் எல்லாவற்றையும் கையால் எழுதியிருக்கிறார், அவனுடைய கணினி இதைப் படிக்காது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்துக் காட்ட வேண்டும். நாளை சனிக்கிழமைதான், மேடம். நானே படித்துக் காட்டிவிடுகிறேனே.