கத்தினால் கேட்காத பெட்டி

அந்த நிலத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டேன். சேலை கேள், வளையல் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, மோர் கேட்பதைப் போலத்தான் கேட்டேன்.

அப்பாவுக்குக் காதில் விழவில்லை. தங்கையன் மைக்செட் என்றால் பூதலூர் வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. முப்பது வருடம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர். காது முக்கால்வாசி போய்விட்டது. "என்னடா சொல்றா?" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் சிங்காரவேலு அவர் காதில் வாயை வைத்துக் கத்தினான்: "ரசம் கேக்குறாப்பா!"

அம்மா ரசத்தை ஊற்றினாள். எங்கள் வீட்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ். அண்ணன் பத்தாவதை மூன்று தடவை எழுதியவன். அவன் சிங்கப்பூர் போவதற்காகத் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் வயலை விற்க வேண்டுமாம். பாட்டன் வழி வந்த வயல். கல்யாணமாகாத மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் எண்பத்தொன்பதில் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

அப்பாவுக்கு ஒரு பெட்டி செய்தேன். சட்டைப்பையில் அடங்கும். ஒரு மைக், சின்ன ஆம்ப்ளிஃபயர், இரண்டு காதுக்கும் இயர்போன். உள்ளே, பழைய பேனாவை அறுத்து டேப் சுற்றிய ஒரு கறுப்புக் குழல். அதன் ஒரு முனையில் எல்.ஈ.டி. விளக்கு, எதிர்முனையில் எல்.டி.ஆர்., அதாவது வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற ஒரு வில்லை. சத்தம் கூடினால் விளக்கு பளிச்சென்று எரியும், தடை குறையும், சத்தம் காதுக்குப் போகாமல் வேறு வழியில் வடிந்துவிடும். கை படாமல் தானே குறைந்துகொள்ளும் வால்யூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடிச்சத்தம் காதைக் கிழிக்காமல் இருக்க இப்படி வைப்பது உண்டு. நான் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். மெதுவாகப் பேசினால் தெளிவாகக் கேட்கும். கத்தினால் ஒன்றும் கேட்காது.

பெட்டி மாட்டிய பிறகும் வீடே அவரிடம் கத்தியது. மெதுவாகப் பேசிப் பார்க்கலாம் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே. அண்ணன் குளத்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் குரல் ஒண்ணுதான் பாப்பா கேக்குது."

பத்து நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைச் சொன்னேன். வயலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் சரிதான் பாப்பா. ஆனா பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நெலம்?"

காது கேட்காததால்தான் தரவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர்மேல் மிச்சமிருந்த மரியாதை அதுதான்.

மறுநாள் பெட்டியை நீட்டினார். "அண்ணன் பேசுறது கேக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாத்துக் குடு."

பார்த்துக் கொடுத்தேன். விளக்கைச் சற்று நேரம் அணையாமல் பிடித்து வைக்கும் கபாசிட்டரை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்தேன். இனி ஒரு கத்தலுக்குப் பத்து விநாடி ஊமை. ஈயப் பற்றவைப்பு சுத்தமாக விழுந்தது.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். செவிடாக இருந்தவரை அப்பா தண்டவாளத்துக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பார். பெட்டி வந்தபின் பார்ப்பதில்லை. காதுதான் திரும்பிவிட்டதே. அவர் பார்ப்பதில்லை என்பதை நான் பார்த்திருந்தேன். கபாசிட்டரை மாற்றியது அதற்குப் பிறகுதான்.

வாய்க்காலில் முறைத்தண்ணீர் விட்ட அன்று காலை, மடை திறக்க மண்வெட்டியோடு போனார். பத்திரம் எப்போது எழுதுவது என்று கத்திக்கொண்டே அண்ணன் பின்னால் போனான். ரயிலைக் கண்டதும் இன்னும் பலமாகக் கத்தியிருக்கிறான். டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லையாம். அப்பா நிதானமாக நடந்தாராம்.

ரயில்வே போலீஸ்காரர் நசுங்கிய பெட்டியைக் கொண்டுவந்தார். "இது என்னம்மா?"

"காது கேக்குற மெஷின் சார். நான்தான் செஞ்சு குடுத்தேன்."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று காலையே, என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை அண்ணன் என் முன்னால் போட்டான். "கையெழுத்துப் போடுடி! அப்பாவே போயிட்டாரு, இன்னும் என்னடி நெலம்?" அம்மா பேனாவை எடுத்து நீட்டினாள்.

வாரிசுச் சான்றிதழுக்கான மனு நேற்றே என் பையில் இருந்தது. நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், மறுக்க மாட்டேன். அவன் ஒரே ஒரு தடவை மெதுவாகப் பேசியிருந்தால் அப்பா இருந்திருப்பார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தஞ்சாவூர் பஸ் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்தான் நிற்கும். அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் வந்தான். நான் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தேன்.