பால்பேணி பூட்டிய துவக்கு

விலை குறைந்த பொருள் மட்டமான பொருள் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். பாரிஸில் எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தோசைக்கல் வாங்குவதென்றாலும் முதலில் விலையைக் கேட்டுவிட்டுத்தான் தரத்தை முடிவு செய்வார்கள். நான் அப்படியில்லை. வந்த நாள் முதல் உணவகக் குசினிகளில் கத்தி பிடித்தவன். எந்தக் கத்தி பெயருக்கு விற்கிறது, எந்தக் கத்தி வெட்டுகிறது என்று எனக்குத் தெரியும். ஆகவே துவக்கில் பூட்டிய அந்த ரஷ்யக் கண்ணாடியை ஏன் வாங்கினீர்கள் என்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, நீதிபதி அம்மா. இதுவரை எவரும் அதைக் கேட்கவில்லை. மொழிபெயர்க்கும் பிள்ளை அவசரப்பட வேண்டாம், நான் ஆறுதலாகவே சொல்கிறேன்.

துவக்கும் ரஷ்யத் துவக்குத்தான். ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அதன் இடப்பக்கத்தில் ஒரு இரும்புத் தண்டு இருக்கும், குறிபார்க்கும் கண்ணாடி அதில் வந்து பூட்டும். கடைக்காரர் மூன்று கண்ணாடிகளை எடுத்து வைத்தார். முதலாவது ஜெர்மன்காரர் செய்தது, துவக்கை விட விலை கூட. இரண்டாவது ரஷ்யாவில் செய்தது, கிட்டவும் தூரவும் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் திருப்பும் வளையம் கையில் ஆடியது. மூன்றாவதும் ரஷ்யாதான். பழைய இராணுவ அமைப்பு, உருப்பெருக்கம் மாறாது, நல்ல பாரம், கண் வைக்கும் இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர். திருகுகள் இறுக்கமாக இருந்தன. இறுக்கமான திருகு இடம் மாறாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் பார்த்தால் கீழ் மூலையில் ஒரு வளைகோடு தெரியும். நிமிர்ந்து நிற்கும் மனிதனின் காலை அடிக்கோட்டில் வைத்தால், தலை வளைகோட்டில் எங்கே முட்டுகிறதோ அந்த இடத்து எண் தூரத்தைச் சொல்லும். பன்றிக்கு இது உதவாது என்று கடைக்காரர் மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார். பரவாயில்லை என்றேன்.

என்னை வேட்டைக்குக் கூட்டிப்போனவர் இராஜதுரை அண்ணை. இறந்தவரும் அவர்தான். ரூ பெர்தொனேயில் பலசரக்குக் கடை, திரான்சியில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் பிரெஞ்சுக்காரர்களோடு காட்டுக்குப் போவோம். விழுந்த பன்றியில் எங்களுக்குக் கிடைப்பதை எங்கள் கூட்டத்துப் பத்திநாதர் வெட்டி, வீட்டுக்கு ஒரு கூறாகப் போடுவார். ஊரில் நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்தால் அதைப் பங்கு இறைச்சி என்போம். ஈரலிலும் எலும்பிலும் எல்லாக் கூறுக்கும் சமமாக விழவேண்டும். சுட்டவனுக்கும் சும்மா நின்றவனுக்கும் ஒரே பங்குதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

என் கண்ணாடியைக் கண்ட முதல்நாளே இராஜதுரை அண்ணை வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, துவக்கிலை பால்பேணியை எல்லே பூட்டி வைச்சிருக்கிறீர்?"

பால் அடைத்து வரும் தகர டின்தான் பால்பேணி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பன்றியைத் தவறவிட்டால் பால்பேணி, நல்ல கண்ணாடி வாங்கக் காசு நான் தரட்டுமா என்று அவர் கேட்டால் அதுவும் பால்பேணி. நான் நிறையத் தவறவிட்டேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, திருகைத் திருப்பி, இது பிசகுது அண்ணை என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். இரண்டு பருவகாலம் அப்படிச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் அந்தக் கண்ணாடியைத் திட்டாதவர் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஏன் என்று சொல்வதற்கு நான் இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் போகவேண்டும்.

அந்த வருடத் தொடக்கத்தில் லா சப்பலில் தேத்தண்ணி குடித்தவர்கள் எல்லோரும் போர் ஆய்வாளர்கள்தான். மேசையில் சிந்திய சாம்பாரில் விரலைத் தொட்டு முல்லைத்தீவைக் கீறுவார்கள். இயக்கம் ஆமியை உள்ளுக்கு விட்டு அடிக்கப்போகிறது என்பார்கள். அவர்களுக்குள் பெரிய ஆய்வாளர் இராஜதுரை அண்ணை. அவர் வாய் திறந்தால் வடை தின்பவன்கூட மெல்லுவதை நிறுத்துவான். என் தங்கச்சி நிரோஜினி அப்போது வன்னிக்குள், புருஷனோடும் மகள் விதுர்ஷாவோடும் பதுங்குகுழியில் இருந்தாள். யாருடைய போனிலோ வரிசையில் நின்று எனக்கு எடுத்தாள்.

"அண்ணா, சனம் தண்ணிக்குள்ளாலை இறங்கி ஆமிப் பக்கம் போகுது. நாங்களும் போகட்டோ?"

பொறு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குண்டு விழும் இடத்தில் நிற்பவள் பாரிஸில் இருப்பவனிடம் வழி கேட்டாள், பாரிஸில் இருந்தவன் சாப்பாட்டுக் கடையில் போய்க் கேட்டான். அன்று கடை நிறைந்திருந்தது. இராஜதுரை அண்ணை எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், சனம் அங்கேயே நிற்கவேண்டும், இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழாக மாறும் என்று. அடுத்த முறை தங்கச்சி எடுத்தபோது, அங்கையே நில்லுங்கோ, இராஜதுரை அண்ணை சொல்லுறார் என்றேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. மே மாதம் முடிந்த பிறகு, ஊரவர் ஒருவர் முகாமிலிருந்து சொல்லித்தான் மூன்று பேரும் இல்லை என்று அறிந்தேன்.

இராஜதுரை அண்ணையின் வாயால்தான் என் தங்கச்சி செத்தாள் என்று நான் கடைகடையாகச் சொன்னேன். அவர் காதுக்கும் போனது. அவர் மறுக்கவில்லை. மறுக்காதவன் ஒப்புக்கொண்டவன்தானே. அதற்குப் பிறகு அவர் ஆய்வு சொல்வதை விட்டுவிட்டார். என் அறைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார். தனிய இருந்து யோசிக்க வேண்டாம், காட்டுக்கு வாரும் என்று வேட்டை அனுமதிக்கான பேர்மி எடுக்க வைத்ததும் அவர்தான். குற்ற மனம் அப்படித்தான் ஓடித்திரியும் என்று நினைத்தேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது, சாப்பிட்டேன்.

இனி கண்ணாடி. அது பிசகவே இல்லை, அம்மா. வாங்கிய வாரமே பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன். எத்தனை குண்டு போனாலும், எத்தனை தடவை கழற்றிப் பூட்டினாலும், வைத்த இடத்திலேயே அடித்தது. பன்றிகளை நான் வேண்டுமென்றுதான் விட்டேன். ஜெர்மன் கண்ணாடி வாங்கியிருந்தால் பிசகியது நான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். குறை சொல்வதற்கு எனக்கு ஒரு மலிவான பொருள் வேண்டியிருந்தது. அதே நேரம் அது நல்ல பொருளாகவும் இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அருமை.

அவர் இறந்த அன்று காலை, பனி கலைந்த பிறகு ஒரு பன்றி எனக்கும் அவருக்கும் இடையால் ஓடியது. பக்கத்தில் நிற்பவன் இருக்கும் திசைக்குச் சுடக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி. அவர் செம்மஞ்சள் அங்கி போட்டிருந்தார். தலை வளைகோட்டில் முட்டியது. தூரம் எனக்கு முன்னமே தெரியும், ஆனாலும் பார்த்தேன். துவக்கில் மூன்று குண்டு ஏற்றியிருந்தேன், ஒன்று போதுமாக இருந்தது.

ஜோந்தார்ம் பொலிஸ்காரர்கள் வந்தபோது நான் அழுதேன். அது நடிப்பில்லை. பால்பேணியைப் பற்றி நான் வாய் திறக்க முன்னமே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். விபத்து என்று எழுதி, துவக்கையும் பேர்மியையும் வாங்கிக்கொண்டு, வழக்குக்குக் கூப்பிடும்வரை என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவர் விழமுன்னமே அன்று ஒரு பன்றி விழுந்திருந்தது. பத்திநாதர் அதைக் கூறு போட்டிருந்தார், ஒருவருக்கும் தொட மனமில்லை. நான் என் பங்கையும் அவர் பங்கையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாவு விழுந்த துடக்கு வீட்டில் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் புழங்கமாட்டார்கள். ஆகவே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அவர் பங்கை உறைபெட்டியில் வைத்திருந்து, பிறகு திரான்சிக்குக் கொண்டுபோனேன். அவருக்குரியதை நான் எடுத்துக்கொள்வது முறையில்லை. அவருடைய மனைவி சாரதாதேவி அக்கா பையை வாங்கிக் குசினியில் வைத்தார். இரும் தம்பி என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஒருவர்கூட என்னை அப்படிக் கனிவாகப் பார்த்ததில்லை.

"உம்மிலை எனக்குக் கோவமில்லை," என்றார். "உம்மடை தங்கச்சியை நினைச்சு நினைச்சு அவர் படுத்த பாட்டை நான்தானே பாத்தனான். 'கடைக்குள்ளை ஆக்களுக்காக ஒண்டு சொன்னனான், வெளியிலை வந்து பெடியன்ரை கையைப் பிடிச்சு, அவளை ஆமிப் பக்கம் போகச் சொல்லு எண்டனான், அவன் சொல்லேல்லைப் போலை' எண்டுவார். பிறகேன் பேசாமல் பழியைக் கேட்டுக்கொண்டிருக்கிறியள் எண்டு கேட்டன். பழியை நான் வாங்கினால்தான் அவன் உயிரோடை இருப்பான் எண்டவர்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்.

ஓம், அவர் சொன்னார். சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்து நகைக்கடை வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் ஊர்வலங்களில் முன்னுக்கு நின்று இயக்கத்தின் கொடி பிடித்தவன் நான். என் தங்கச்சியே ஆமியிடம் போய்விட்டாள் என்றால் நாளைக்கு லா சப்பலில் யார் முகத்தில் முழிப்பது? கடைக்குள் அத்தனை பேருக்கு முன்னால் அவர் சொன்னதைத்தானே நான் அவளுக்குச் சொன்னேன். நான் கொன்றேன், மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, அம்மா. அன்று வாசலில் வைத்து அவர் மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்லியிருக்கலாம்.