தங்கை தூங்கவில்லை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தூக்கம், டாக்டர். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். அதனால் தூக்கம் வராதவர்களைப் பார்த்தால் நிஜமாகவே பாவமாக இருக்கும். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்கிறேன்.

குழந்தை பிறந்த பிறகுதான் தங்கைக்கு மனச்சோர்வு வந்தது. கணவனுக்கு வெளியூரில் வேலை என்பதால் கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குக் குழந்தை இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, மனசு தெளியும், ஆனால் கனவுகள் அதிகம் வரும், தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே தோன்றலாம், போகப் போகச் சரியாகிவிடும் என்றீர்கள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் காது கொடுத்துக் கேட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. தலை வாரிக்கொண்டாள், என் சமையலைக் குறை சொன்னாள், சிரித்தாள்.

"அடுத்த மாசம் அவர்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன்கா. உனக்கு எவ்வளவு நாள்தான் பாரமா இருக்கிறது?"

பாரம் அப்போது என் இடுப்பில் உட்கார்ந்து காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில், "ராத்திரி நான் தூங்கினேனாக்கா? தூங்கின மாதிரியே இல்ல" என்றாள். குழந்தைக்குப் பால் கலக்க எழுந்தபோது அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன்.

"எங்கடி தூங்கின? விடிய விடிய புரண்டுட்டுதான் இருந்த."

நம்பிவிட்டாள். தன்னைவிட என்னைத்தான் அவள் எப்போதும் நம்புவாள்.

அடுத்த முறை இங்கே வந்தபோது, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று அவளைத்தான் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொன்னேன். இரவுக்கு ஒரு மாத்திரை சேர்த்தீர்கள். அதற்கடுத்த முறையும் அதையே சொன்னேன், கூட்டினீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவாள், அதுவும் வாய் குழற. இந்த நிலைமையில் குழந்தையோடு அனுப்ப முடியாது என்று அவள் கணவனுக்கு நானே போனில் சொன்னேன்.

அந்த மாதங்களில்தான் குழந்தை பேசத் தொடங்கினாள். 'பெரியம்மா' அவள் வாயில் நுழையவில்லை. 'அம்மா' என்றாள். சின்ன வாய்க்குப் 'பெரியம்மா' நீளமான சொல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் தங்கை கூடத்துக்கு வந்து குழந்தையிடம் கை நீட்டினாள். குழந்தை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "சித்தி, போய்த் தூங்கு" என்றாள்.

"யாருக்கா இவளுக்கு சித்தின்னு சொல்லிக் கொடுத்தது?" தங்கை கோபப்படவில்லை. நாக்குத் தடித்துக் கேட்டாள்.

"அவளா சொல்றாடி. நீ எந்நேரமும் தூங்கிட்டே இருந்தா குழந்தை என்ன பண்ணும்?"

"என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, டாக்டர். இன்றைக்கும் நீங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது அதையே திரும்பச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் தங்கையை வெளியே உட்காரச் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது குழந்தையை அறை வாசலில் நிறுத்தி, விரலால் காட்டிக் காட்டி, சித்தி, சித்தி என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்.

மருந்தைக் குறைத்துவிடுங்கள். ஆனால் ஒரேயடியாக வேண்டாம். குழந்தை புது ஆட்களிடம் சட்டென்று ஒட்ட மாட்டாள்.