ஒரே மொழி அறிந்த பொறியை ஓட்டிய எங்கள் அடைப்புக்குறி அக்காவுக்கு

அலமாரி உயரப் பொறியை அடக்கி ஆண்டவரே! அலைக்கும் அட்டவணைக்கும் நடுவே அயராது நின்றவரே! அடைப்புக்குறிகளே அடுக்கடுக்காய் நிறைந்த மொழியை அன்னை மொழிபோல் ஆண்டவரே! துறைமுகக் கணிப்பொறிப் பிரிவு தோள் நிமிர்த்திச் சொல்லும் எங்கள் அக்காவே! வணக்கம்.

‘அடைப்புக்குறி அக்கா’ என்று முதுகுக்குப் பின்னால் உங்களை அழைத்து வந்தோம். திறந்த குறியை மூடாமல் ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழாதவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? இன்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம். கோபித்துக்கொள்ள இனி உங்களுக்கு அலுவலக நேரம் இல்லை.

அடைப்புக்குறிகள் நிறைந்த அந்தக் கணிப்பொறி மொழியில் எழுதிய நிரலை ஓட்டினால் அன்றைய பொதுக் கணிப்பொறிகளுக்கு மூச்சு வாங்கும். எனவே அந்த ஒரு மொழிக்கென்றே சில நிறுவனங்கள் பொறி செய்தன. எண்ணா, பெயரா, பட்டியலா என்று ஒவ்வொரு தகவலின் நெற்றியிலும் ஓர் அடையாளம். அதைச் சரிபார்ப்பதும், வேலை முடிந்த நினைவகத்தைப் பெருக்கித் துடைப்பதும் பொறியின் பொறுப்பு. பிழை நேர்ந்தால் நிரல் செத்து விழாது. நின்ற இடத்திலேயே திறந்து, திருத்தி, அங்கிருந்தே தொடரலாம். கடல்மட்டத்தைப் பார்த்து எந்தக் கப்பலை எப்போது எந்தக் கரைமேடையில் கட்டுவது என்று கணக்கிட நம் துறைமுகம் அப்படியொன்றை வாங்கியது. அதைச் செய்த நிறுவனத்திலிருந்து நிறுவ வந்தவர் நீங்கள்.

பிறகு மலிவான மேசைக் கணிப்பொறிகள் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூட்டி முந்திக்கொண்டு போயின. சிறப்புப் பொறி செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள், உங்கள் நிறுவனமும்தான். பொறியோடு வந்தவர் எங்களோடு தங்கிவிட்டீர்கள். வேறு ஊர்களில் கழித்துப்போட்ட இரண்டு பொறிகளைப் பிரித்து, நம்முடையதை முப்பத்தோர் ஆண்டுகள் ஓட வைத்தீர்கள்.

இந்த ஆண்டு, புதிய கணிப்பொறியை அந்தப் பழைய பொறியாகவே நடக்கச் செய்யும் மென்பொருளை நம் நிரலாளர் எழுதினார். ஒப்பந்தத்தில் இருந்த அவருக்கு அது தேறினால்தான் நிரந்தர வேலை; இல்லையேல் வீட்டுக்கு. நானூறு பழைய நாள்களின் அட்டவணையை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தோம். மூன்று நாள்கள் மட்டும் பொருந்தவில்லை.

“பழசு ஒரு நாளும் தப்பு சொன்னதில்ல. புதுசத் தூக்கிப் போடுங்க” என்றார் மேலாளர். மேடையில் இருக்கும் அவர் பொறுத்தருள்வாராக! நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

“ரெண்டு நாள் குடுங்க சார்” என்றீர்கள் நீங்கள். அந்த மூன்று நாள்களிலும் கடல்மட்டம் அளவுகோலின் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பழைய பொறி பின்னத்தை விட்டுவிட்டு அடுத்த முழு எண்ணுக்கு இறங்கிவிடும்; கால் மீட்டர் கீழே என்றால் ஒரு மீட்டர் கீழே என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீர் குறைவென்று நம்பி, தாராளமாக உள்ளே வரக்கூடிய கப்பலை வெளியே காக்க வைத்திருக்கிறது. பின்னத்தை இப்படி வெட்டும் அந்தக் கட்டளையைப் பொறிக்குள் எழுதிப் பதித்தவர், அன்று அந்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த நீங்களே.

அப்போது உங்கள் ஓய்வுக்கு எட்டே வாரங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் நிறைந்த கூட்டத்தில் எழுந்தீர்கள்.

“தம்பி எழுதினது சரி சார். தப்பு பழசுலதான். முப்பது வருஷத்துக்கு மேலா இருக்கு. நான் பண்ணது.”

“அப்போ இத்தன வருஷமா...” என்று இழுத்தார் மேலாளர்.

“இத்தன வருஷமா நான் பாக்கல சார். இப்போ பாத்துட்டேன்.”

இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே அறையில் வேலை செய்தோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வோம், அக்கா!

இம்மடலின் முதல் வரைவில் ‘பிழையறியாப் பெருந்தகையே’ என்று விளித்திருந்தோம். அதைச் சட்டம் போட்டுக் கொடுத்தால் நீங்கள் சுவரில் மாட்ட மாட்டீர்கள். ஆகவே அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: நின்ற இடத்திலேயே திறந்து, திருத்தி, தொடர்ந்தவரே! நோயின்றி, நூறாண்டு, இதே நிமிர்ந்த தலையோடு வாழ்க!

என்றும் உங்கள்,
துறைமுகக் கணிப்பொறிப் பிரிவுப் பணியாளர்கள்

வாசித்தளிப்பவர்: நிரந்தரப் பணியில் இன்று முப்பதாம் நாள் காணும் அந்த நிரலாளர்