கேப்டனின் முகாமில் ரிக் வண்டி

இரண்டாவது குண்டுதான் காதில் விழுகிறது. முதலாவதை, ஆழ்துளை போடும் எங்கள் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சல் விழுங்கிவிட்டது. காலை ஏழு இருபது. உய்ய்ய் என்று நீண்ட விசில். அப்புறம் தொம். முகாமின் சமையல் கொட்டகை இல்லை. சமைத்துக்கொண்டிருந்த இருவரும் இல்லை.

"ஓடுங்கள்! வண்டியை விட்டுவிட்டு ஓடுங்கள்!" கேப்டன் ஆங்கிலத்தில் கத்துகிறார்.

நாங்கள் ஐந்து பேர். வெண்ணந்தூர்ப் பக்கத்து ஆட்கள். ஆழ்துளைக் கிணறு போட ஆப்பிரிக்காவுக்குப் போனோம். போன இடத்தில் யுத்தம். எதிரி புகுந்த ஊரை மக்களோடு சேர்த்துக் கொளுத்தச் சொன்னான் அந்நாட்டுச் சர்வாதிகாரி. கேப்டனும் ஆறு அதிகாரிகளும் மாட்டோம் என்றார்கள். துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பினார்கள். அவன் முகாமுக்கு வரும் தண்ணீர்க் குழாயை அடைத்தான். கேப்டன் எங்களைத் தேடி வந்தார். மிரட்டவில்லை. கையைப் பிடித்துக் கேட்டார்.

நானூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சிப்பாய்கள் சேற்றோடு அள்ளிக் குடித்தார்கள். அப்போதுதான் சர்வாதிகாரியின் குண்டு.

குழிக்குள் இருபது ராடு, துளை போடும் இருபதடி இரும்புக் குழாய்கள். ராடை உள்ளே விட்டுவிட்டு எங்கள் தொழிலில் எவனும் நகரமாட்டான். மண் இறுகினால் ராடும் போச்சு, கிணறும் போச்சு. அந்தப் பழக்கம் உயிரைவிடப் பெரிதாகப் போன முட்டாள்கள் நாங்கள். அக்கா வீட்டுக்காரர் செல்வராசு லீவரைப் பிடித்து நிற்கிறார். ராடு ஒவ்வொன்றாக மேலே ஏறுகிறது.

"மச்சான், வந்துருங்க!"

"நீ ஓடு மாப்ள. இதை உட்டுட்டு வந்தா இவங்க தண்ணிக்கு எங்க போவாங்க? இன்னும் நாலு ராடுதான். வாரேன்."

நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதற்கு விசிலே கேட்கவில்லை. தரைதான் காலை உதைத்தது.

மச்சானும் என்கூட ஓடிவந்தார், வழியில் அடிபட்டது என்று அக்காவிடம் சொன்னேன். பொய். இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. என் முகத்தில் காறித் துப்பட்டும்.

அதிகாரிகள் ஆறு பேரும் அங்கேயே செத்தார்கள். கேப்டனை மறுநாள் சர்வாதிகாரியின் ஆட்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சிப்பாய்களை எண்ண முடியவில்லை, உடல்கள் முழுதாக இல்லை. ரிக் வண்டி ஒன்று. கிணறு ஒன்று. ஐந்து பேர் போனோம், நான்கு பேர் வந்தோம். மச்சானில் எரிக்க எதுவும் கிடைக்கவில்லை.