காலாவதியான காரில் நான் ஏறவில்லை

வாகன விபத்து வழக்கொன்றில், காவல் நிலையத்தில் ஆய்வாளர் கேட்க, சாட்சி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டது. சாட்சியின் பெயரும் விலாசமும் தனித்தாளில் உள்ளன. வயது ஐம்பத்து நான்கு. தொழில், வாகனக் காப்பீட்டு முகவர். காரை ஓட்டியவரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வண்டிகளுக்குப் பாலிசி போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தெருவில் பாலிசிக்காரர் என்றால்தான் என்னைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிர்வீட்டுக்காரரே யோசிப்பார். யாருடைய பாலிசி எப்போது முடிகிறது என்பது எனக்கு மனப்பாடம். இதை எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தரிடம், உங்கள் பைக்குக்குத் தேதி எப்போது முடிகிறது என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். ஆய்வாளர் அதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஒரு வண்டியின் பாலிசி எப்படி விட்டுப்போகிறது என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். கையில் காசில்லாமல் விட்டுப்போவது குறைவு, அசட்டையால் விட்டுப்போவதுதான் அதிகம். வங்கியிலிருந்து தானாகவே போய்விடும் என்று சிலர் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள், அந்தக் கார்டு மாறிப்போயிருக்கும். சிலர் வீடு மாறியிருப்பார்கள், கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். பழைய காரை வாங்கியவர், விற்றவர் பெயரில் உள்ள பாலிசியை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பார். புருஷன் கட்டியிருப்பான் என்று பெண்டாட்டியும், பெண்டாட்டி கட்டியிருப்பாள் என்று புருஷனும் நினைத்துக்கொண்டு ஒரே காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். இதெல்லாம் போக இன்னொரு காரணம் இருக்கிறது, அதை எந்த முகவரும் வெளியே சொல்லமாட்டார். பாலிசியில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணுக்குப் பதிலாக எங்கள் எண்ணைப் போட்டுவிடுவோம். அவர் எண் வெளியே போனால் நாலு கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் எண் இருந்தால் நினைவூட்டல் எங்களுக்கு வரும், நாங்கள் போய்க் கதவைத் தட்டுவோம். எனக்குத் தெரிந்து தொழிலில் பலரும் செய்வதுதான். என் மாப்பிள்ளையின் காருக்கும் அப்படித்தான் செய்திருந்தேன். அவருக்கு அது தெரியாது.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. மருந்துக் கம்பெனியில் மேலாளர். கார் வாங்கிய நாளிலிருந்து அதன் பாலிசி என் பொறுப்பில்தான் இருந்தது. வருடா வருடம் நானே புதுப்பித்து, நகலை எடுத்துக்கொண்டு போய், டாஷ்போர்டில் பழைய தாளுக்கு மேலே வைத்துவிட்டு, தங்கை கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வருவேன். அந்தத் தாளை அவர் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாம் மச்சான் பார்த்துக்குவார் என்பார்.

அதன் பிறகு, அவர்களுடைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக அவர்கள் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. மாப்பிள்ளையின் அலுவலகத்து ஆட்களும் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் என்ன தொழில் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "மச்சானுக்கு என்ன, ரெண்டு போன், நாலு கையெழுத்து, முடிஞ்சுது வேலை. இப்பல்லாம் ஒரு பட்டனத் தட்டினா பாலிசி வந்துடுது. இந்தத் தரகு வேலை இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்னு நினைக்கிறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்த நேரம் என் தங்கை கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் வாசலைத் தாண்டும்போதே உதறிவிட்டேன். அவள் சிரித்தது எனக்கு வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது.

நான் கிளம்பும்போது மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து, "இந்த வருஷத்திலேர்ந்து காருக்கு நானே போட்டுக்கிறேன் மச்சான், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். நான் சரி என்றேன். நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னது அவர் என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர், பாலிசி முடியப்போவதாகக் கம்பெனியிலிருந்து நினைவூட்டல் வந்தது. வழக்கம்போல என் கைபேசிக்குத்தான் வந்தது. படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் வந்தது, அதையும் படித்தேன். அதை அவருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, ஒரு பட்டனைத் தட்டும் நேரம் என்று சொன்னேன். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, அவர் என் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், மச்சான் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும், அதை என் தங்கையும் கூட நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று சொன்னேன். என் ஆசை அவ்வளவுதான்.

அவர் வரவில்லை. தேதி முடிவதற்கு முந்தின வாரம் கடைவீதியில் எதிர்ப்பட்டவர், வேறெதையோ பேசிவிட்டு, "ஆமா மச்சான், கார் இன்சூரன்ஸ் இந்த மாசமா, அடுத்த மாசமா?" என்று கேட்டார். கம்பெனி அனுப்பிய செய்தி அப்போது என் சட்டைப்பைக்குள் இருந்தது. நான், "மெசேஜ் வரும் மாப்பிள்ளை. வந்ததும் ஒரு பட்டனத் தட்டுங்க" என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் நல்ல பசியோடு சாப்பிட்டேன்.

அதன் பிறகு தேதி முடிந்தது. கார் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பாலிசி முடிந்த கார் பார்வைக்கு மற்ற கார் மாதிரியேதான் இருக்கும். ஹாரன் அடிக்கும், கண்ணாடி ஏறி இறங்கும்.

மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட வேண்டிய நாள் வந்தது. தாய்மாமன் கூட வர வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்ததாகத் தங்கை சொன்னாள். காலையில் என் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின்சீட்டில் ஒரு மெத்தை, பிளாஸ்டிக் வாளி, புதுச் செருப்பு டப்பா, இவற்றுக்கு நடுவில் அந்தப் பெண். எனக்காக மெத்தையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "ஏறுங்க மாமா, உங்களுக்குத்தான் ஜன்னலோரம்" என்றாள். நான் முதுகு வலி, காரில் மடங்கி உட்கார முடியாது, நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். தங்கை முன்சீட்டிலிருந்து இறங்கி வந்து, "முன்னாடி உட்காருண்ணா, நான் பின்னாடி போயிக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

முதுகு வலி உண்மையா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. பாலிசி இல்லாத வண்டியில் நான் ஏறுவதில்லை, அது என் வழக்கம். அப்படியானால் உங்கள் தங்கையையும் மருமகளையும் மட்டும் எப்படி ஏற விட்டீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். அவர்கள் ஏற்கெனவே ஏறித்தானே இருந்தார்கள் என்று சொன்னேன்.

பின்னர் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. சந்தைத் திருப்பத்தில், சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் மேல் காரை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். பின்னால் மருமகள் அலறுவது கேட்டது. "மச்சான், இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்றார். "மெசேஜ் வரலையா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர், "இப்ப போட முடியுமா மச்சான்? போன்லயே, இப்பவே?" என்றார். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வண்டியை நகர்த்தாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள், இப்போது பாலிசி போட்டால் பணம் கட்டிய நிமிடத்திலிருந்துதான் அது செல்லும், நடந்து முடிந்ததற்குச் செல்லாது, முன்தேதி போட்டால் அது மோசடி, அதை நான் செய்யமாட்டேன் என்று சொன்னேன். தொழிலில் நான் நேர்மையானவன்.

பாலிசி விட்டுப்போனதை விபத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார். சாவியைத் தொடக்கூடாது. கார் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். உடனே கம்பெனியைக் கூப்பிட்டுத் தேதி முடிந்துவிட்டது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆள் அனுப்பியோ படம் கேட்டோ வண்டியைப் பார்ப்பார்கள், கூடக் கொஞ்சம் கேட்டாலும் கேட்பார்கள், கட்டிவிட்டு, புதுப் பாலிசி எந்த நேரத்திலிருந்து செல்லும் என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். அதோடு, பாலிசியில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்து, தன் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். அரைநாள் வேலை. என் வாடிக்கையாளர்களுக்கு இதை நான் சொல்லாத நாள் கிடையாது. மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். அடிபட்டவர் தையல்கடை நடத்தும் ஒரு அம்மா. கணவர் இல்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அளவு நாடா அவர் கழுத்தைச் சுற்றி அப்படியே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போதும் நான் அங்கே போயிருந்தேன். நினைவு வந்ததும் அவர் நர்சிடம், "மெஷின மிதிக்கிற காலா?" என்றுதான் கேட்டார். பிறகு என் கையிலிருந்த தோல்பையைப் பார்த்துவிட்டு, "நீங்க இன்சூரன்ஸ் ஆளா? கம்பெனிலேர்ந்து வருவாங்கன்னு சொன்னாங்க" என்றார். "கம்பெனி வராதும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மாவை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வேறு யாரும் குறுக்கே வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

பின்னர் இன்று காலை எங்கள் மூவரையும் இந்த நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். ஆய்வாளர், கார் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். என் தங்கை பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "என் பேர்லதான் சார்" என்றாள். கார் வாங்கும்போது, எது எப்படிப் போனாலும் வண்டி உன் கையில் இருக்கட்டும் என்று சொல்லி அவள் பெயரில் எடுக்க வைத்தவன் நான்தான். பாலிசியில் அவள் பெயரை எழுதியவனும் நான்தான். வாய்க்கொழுப்பெடுத்துப் பேசிய மாப்பிள்ளையையே நினைத்துக்கொண்டிருந்ததில் அதை மறந்துவிட்டேன். கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய நஷ்ட ஈட்டை இனி உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்றும், அவள் குடியிருக்கும் வீட்டுக்குக்கூட அது வந்து நிற்கலாம் என்றும் ஆய்வாளர் அவளிடம் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றாள்.

அதன் பிறகு அவள், "எங்களுக்கு மெசேஜே வரல சார், வந்திருந்தா கட்டியிருப்போம்" என்றாள். ஆய்வாளர் கம்பெனிக்குப் போன் செய்து, நினைவூட்டல் எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மேஜை மேலிருந்த தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. நான் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அது தானாக அடித்து ஓய்ந்தது.

என்னை அடிப்பதற்காக மாப்பிள்ளை எழுந்தார், காவலர் பிடித்து உட்கார வைத்தார். என் தங்கை அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அண்ணா, அன்னிக்கு நீ மட்டும் எங்க கார்ல ஏறலையே" என்றாள்.

பின்னர் மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு, தங்கையை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் பின்னாலேயே வாசலுக்குப் போனேன். வெயில் கடுமையாக இருந்தது. என் ஸ்கூட்டர் அங்கேதான் நின்றது, அதற்குப் பாலிசி சரியாக இருக்கிறது. "ஏறும்மா, வீட்டுல விட்டுட்டு வர்றேன்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல், "வேண்டாம், நான் பஸ்ல போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் பஸ் ஏறும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, ஒரு சொல்லையும் நீக்கக் கேட்கவில்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன். தொடர்புக்கான கைபேசி எண் என்ற இடத்தில் என் எண்ணையே எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்)